கண்ணாடி போடாமல் ஒரு போட்டோ: மேட் பிரிண்ட்டை மாட்டுவதும் காப்பதும்



நம்ம பக்கத்தில் ஒரு போட்டோவை ஃபிரேம் போடக் கொண்டுபோனால் கடையில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கிளாஸா, லேமினேஷனா? மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடியும் வேண்டாம், பளபளக்கிற பிளாஸ்டிக்கும் வேண்டாம், தாளைத் தாளாகவே பார்க்க விடுவது! மேட் பிரிண்ட்டுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் லாரிப் புழுதி என்று இருக்கிற குன்றத்தூரில் அப்படி மாட்டினால் படம் நிற்குமா? நிற்கும். சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் படிக்கிற கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில், மேட் என்றால் என்ன? தாளின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக இருக்கும். மேலே விழுகிற ஒளி ஒரே திசையில் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறிப் போகும். அதனால்தான் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் ட்யூப் லைட் அதில் தெரிவதில்லை. இதற்குக் கொடுக்கிற விலை கறுப்பு. பளபளப்பான தாளில் நல்ல கறுப்பு, தன்மேல் விழும் ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். மேட் தாளில் அது இரண்டு, மூன்று சதவீதம் ஆகிவிடும். காய்ந்த தார் ரோடு சாம்பல் நிறமாகத் தெரிகிறது, மழை பெய்ததும் கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது அல்லவா? அதே கதைதான். சொரசொரப்புக்குள் ஏதாவது போய் நிரம்பினால் சிதறல் குறைந்து கறுப்பு கூடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்ப்ரே அடிக்கும்போது திரும்பவும் வரும்.

சரி, இந்தத் தாள் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. முதல் வருட இயற்பியலில் படித்ததுதான்: ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீதம் ஒளி திரும்பும். இரண்டு முகம், ஆக 8 சதவீதம். இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படத்தின் எதிரே நில்லுங்கள். உங்கள் மேலும் படத்தின் மேலும் ஒரே அளவு வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். சட்டை 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதில் 8 சதவீதம், அதாவது 6.4 பங்கு, கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்கு வருகிறது. படத்தில் இருக்கிற கறுப்போ வெறும் 2.5 பங்கு. ஆக, படத்தின் கறுப்பைவிட உங்கள் சட்டையின் பிம்பம் இரண்டரை மடங்கு பிரகாசம்! காசு கொடுத்து மேட் பிரிண்ட் போட்டு, அதன்மேல் கண்ணாடியை வைத்து, கடைசியில் நம்ம முகத்தை நாமே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட மியூசியக் கண்ணாடி இருக்கிறது. ஆனால் அது ஸ்டூடண்ட் பாக்கெட்டுக்கு வருகிற சரக்கு இல்லை.

எடையையும் பாருங்கள். 20 x 30 இஞ்ச் அளவில் 2 மி.மீ. கண்ணாடி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. எக்ஸிபிஷனுக்கு 25 படம் என்றால் ஐம்பது கிலோ கண்ணாடியை பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ உடையாமல் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். நம்ம ஊரில் கண்ணாடியைப் பற்றி யோசிக்க வைக்கிற பெரிய விஷயம் தண்ணீர்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்தில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. ஏரியின் உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை வழியாகப் போய் அடையாற்றில் கலக்கிறது. அந்த ஆண்டு முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்குத் தெரிந்ததே. மிக்ஸி, ஃப்ரிட்ஜ் திரும்ப வாங்கலாம். கல்யாண ஆல்பத்தையும் தாத்தா போட்டோவையும் எங்கே போய் வாங்குவது?

ஸ்டுடியோவில் போட்ட போட்டோவின் மேற்பரப்பு ஜெலட்டின். அது தண்ணீரை உறிஞ்சி வீங்கும், மென்மையாகும், பிசுபிசுக்கும். முன்னால் கண்ணாடி ஒட்டி இருந்தால் அந்த ஜெலட்டின் அதோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், தாள் மட்டும் கையில் இருக்கும். வெள்ளம்தான் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரப்பதமே போதும்; கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி இல்லாத ஃபிரேம்களில் அங்கங்கே ஈரம் பட்டது போல ஒரு திட்டு தெரியும் பாருங்கள், அதுதான் ஒட்ட ஆரம்பித்த இடம். ஆக, கண்ணாடி போடுவதானாலும் தாளைத் தொடாமல் நாலைந்து மி.மீ. தள்ளித்தான் போட வேண்டும்.

நனைந்த படத்தை என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கிற ஸ்டுடியோ பிரிண்ட் என்றால் சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில் சேறு போக அலசி, படப் பக்கத்தைத் தொடாமல், முகம் மேலே பார்க்க நிழலில் காயவிடலாம். வெயிலும் ஆகாது, ஹேர் டிரையரும் ஆகாது. இரண்டு நாளுக்குள் செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சணம் ஆரம்பித்துவிடும். கண்ணாடியோடு ஒட்டி இன்னும் ஈரமாக இருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே தண்ணீரில் ஊறப் போடுங்கள், சில சமயம் தானாக விட்டு வரும். காய்ந்து ஒட்டிப்போனதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் அலசக் கூடாது, அப்படியே படுக்க வைத்துக் காயவிட வேண்டும்.

இங்க்ஜெட் என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. மேட் பிரிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. பழைய கறுப்பு வெள்ளை ஃபைபர் தாள் ஒரு ஜாதி: காகிதத்தின் மேல் ஜெலட்டின், அதற்குள் வெள்ளித் துகள். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் விற்ற புரோமைடு தாள் இந்த வகைதான். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, அதன் தாளில் போட்ட படங்கள் நம்ம வீட்டுப் பரண்களில் இன்னமும் இருக்கின்றன. அடுத்த ஜாதி, கலர் லேபில் மேட் என்று கேட்டால் தருவது. அதில் காகிதத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசியிருக்கும், மேலே ஜெலட்டின். மூன்றாவது, இங்க்ஜெட் மேட் தாள். இதில் ஜெலட்டின் கிடையாது. நுண்ணிய சிலிக்கா தூளைப் பூசியிருப்பார்கள், மை அதில் உட்கார்ந்துகொள்ளும்.

கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா? வீணான பிரிண்ட் ஒன்றின் மூலையைக் கிழியுங்கள். நடுவில் பாலித்தீன் மாதிரி ஜவ்வு இழுத்தால் லேப் தாள். பிறகு ஈரப் பஞ்சால் ஓரத்தில் லேசாகத் தொடுங்கள். பிசுபிசுத்தால் ஜெலட்டின். நிறம் கரைந்து பஞ்சில் வந்தால் டை மை போட்ட இங்க்ஜெட். அவ்வளவாக வராவிட்டால் பிக்மென்ட் மை. இந்தச் சோதனையை வீணான பிரிண்ட்டில் மட்டும் செய்யவும், அத்தை கல்யாண போட்டோவில் செய்துவிட்டு என்னைத் தேடாதீர்கள்!

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், கண்ணாடி இல்லாமல் மாட்ட எது லாயக்கு என்பது இதில்தான் இருக்கிறது. டை மை போட்ட இங்க்ஜெட் பிரிண்ட்டைத் திறந்தபடி மாட்டவே கூடாது. நுண்துளைத் தாளில் இருக்கிற டை மையை ஓசோன் வாயு வெளுத்துவிடும். ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்யும்போது வருகிற அந்த நெடி ஓசோன்தான், வாகனப் புகை அதிகமான இடத்தில் வெயில் படும்போதும் அது உண்டாகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்படி ஒரு படம் மாட்டினால் சில மாதத்திலேயே நிறம் மாறத் தொடங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இதற்குக் கண்ணாடியோ லேமினேஷனோதான் சரி. பிக்மென்ட் மையும் கறுப்பு வெள்ளை ஃபைபர் தாளும் திறந்து மாட்டத் தாங்கும். லேப் கலர் பிரிண்ட் இரண்டுக்கும் நடுவில்.

உலகத்தில் யாராவது இப்படிக் கண்ணாடி இல்லாமல் மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டால், பெரிய உதாரணமே இருக்கிறது. 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியை வைத்தார். 68 நாடுகளில் எடுத்த 503 படங்கள். கண்ணாடியும் கிடையாது, நாம் நினைக்கிற ஃபிரேமும் கிடையாது. பலகையில் ஒட்டி, சிலதைச் சுவரில், சிலதைக் கம்பத்தில், சிலதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஆட்கள் நடுவே நடந்து போகிற மாதிரி அமைத்தார்கள். பார்ப்பவருக்கும் படத்துக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அதன் பிரதிகள் பல நாடுகளைச் சுற்றின, இந்தியாவுக்கும் வந்தன. சுற்றி முடித்த ஒரு பிரதித் தொகுப்பு 1994 முதல் லக்ஸம்பர்க் நாட்டில் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது, 2003-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. ஆனால் சும்மா எடுத்து மாட்டிவிடவில்லை. பயணத்தில் பட்ட கீறல், கறை எல்லாவற்றையும் நிபுணர்கள் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது முறையாகவும் மூடிச் சீரமைத்து 2013-ல்தான் மறுபடி திறந்தார்கள். ஆக, கண்ணாடி இல்லாமல் மாட்டலாம், ஆனால் படம் அடி வாங்கும் என்பதை ஒப்புக்கொண்டு மாட்ட வேண்டும்.

நம்ம சென்னையிலும் 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேயில் பொது இடங்களில் படங்களை வைத்தார்கள். அங்கே வைத்தவை கண்காட்சிக்காகவே போட்ட பிரிண்ட்கள். முடிந்ததும் போனால் போகட்டும். கோப்பு பத்திரமாக இருக்கிறது. என் கருத்தில் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி இதுதான்: திறந்து மாட்டுகிற படம் செலவாகிற பொருள், அதற்கு மூலம் வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். ஒரே ஒரு பிரதிதான் உண்டு, நெகட்டிவும் இல்லை என்கிற படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், திறந்து மாட்டக் கூடாது. அதை ஸ்கேன் பண்ணி, புதுப் பிரிண்ட்டை மேட் தாளில் போட்டு மாட்டுங்கள். மூலம் இருட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய போட்டோக்களைத் தேடிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு இறங்கியது. 1880-லிருந்து 1980 வரைக்குமான ஒரு நூற்றாண்டுப் படங்களை டிஜிட்டலாக மாற்றும் வேலை. தட்பவெப்பமும் கவனிப்பின்மையும் சேர்ந்து அழித்துக்கொண்டிருந்தவற்றைத்தான் அவர்கள் ஓடி ஓடிச் சேர்க்க வேண்டியிருந்தது. நம்ம வீட்டிலும் அதே தட்பவெப்பம்தானே?

இப்போது வேலைக்கு வருவோம்.

முதலில் பலகை. ஹார்ட்போர்டும் மில் போர்டும் அமிலம் உள்ளவை, நாளடைவில் படத்தின் பின்புறம் மஞ்சளாகும். எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் குடித்து உப்பும். லேமினேஷன் சாமி படங்களின் கீழ் ஓரம் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். ஃப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கிற சன்போர்டு தண்ணீர் குடிக்காது, ஆனால் அது பி.வி.சி.; வெப்பத்தில் நீளும். 76 செ.மீ. நீளப் பலகையில் 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. நீளுகிறது. ஒட்டிய தாள் அவ்வளவு நீளாது, பலகை வில்லாக வளையும். அலுமினியத்துக்கு அந்த நீட்சியில் மூன்றில் ஒரு பங்குதான். போர்டு எழுதுகிற பட்டறைகளில் மிச்சமாகிற ஏ.சி.பி. ஷீட் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தட்டையாக நிற்கும், தண்ணீர் குடிக்காது, கறையானும் தொடாது. சில மாத எக்ஸிபிஷனுக்கு சன்போர்டே போதும், வீட்டில் பத்து வருஷம் என்றால் ஏ.சி.பி.

ஒட்டுவதா, செருகுவதா? ஒட்டினால் தட்டையாக இருக்கும், திரும்ப எடுக்க முடியாது. மூலம் பத்திரமாக இருந்தால் ஒட்டலாம், அதற்கென்று இருக்கிற இரு பக்கப் பசை ஷீட்டை ரோலரில் அழுத்தி ஒட்டுவதே நல்லது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, தாள் ஊறி அலை அலையாகும். செலோ டேப் மஞ்சளாகி எண்ணெய் இறங்கும். மைதா பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து! பூச்சி வராமல் இருக்க பைண்டிங் கடையில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், புத்தகத்துக்குச் சரி, வெள்ளிப் படத்துக்கு விஷம். துத்தமும் உப்பும் சேர்ந்தால் வெள்ளியை வெளுக்கும், டார்க் ரூமில் அதையே பிளீச்சாகப் பயன்படுத்துவதுண்டு.

ஒட்ட மனசில்லை என்றால் மூலைப் பை முறை. ஓ.எச்.பி. ஷீட்டில் பாலியெஸ்டர் வகையைப் பார்த்து வாங்கி, சின்னச் சின்ன முக்கோணப் பைகளாக மடித்து, படத்தின் நான்கு மூலைகளை அதில் செருகி, பையை மட்டும் பலகையில் ஒட்ட வேண்டும். படத்தில் ஒரு சொட்டுப் பசை படாது. மூலையில் ஒரு மி.மீ. தளர்வு விடுங்கள், மழைக்காலத்தில் தாள் விரியும்போது இடம் வேண்டாமா? 12 x 18 இஞ்சுக்கு மேல் இந்த முறை சரிவராது, நடுவில் தொய்யும்.

அடுத்து ஃபிரேம். கண்ணாடி இல்லை என்பதற்காக ஓரமும் இல்லாமல் விட்டால் முதலில் அடி வாங்குவது மூலைதான். ஒன்றரை இஞ்ச் ரீப்பரில் தட்டு மாதிரி ஒரு சட்டம் அடித்து, படப் பலகையை அதற்குள் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் இடைவெளி. யாராவது உரசினால் சட்டம் வாங்கிக்கொள்ளும், படத்தில் படாது. பார்க்கவும் படம் மிதப்பது மாதிரி இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கார்பென்ட்ரி ஜாப் செய்தவர்களுக்கு இது அரை நாள் வேலை.

இனி ஸ்ப்ரே. பிக்மென்ட் இங்க்ஜெட்டுக்கு இது நல்ல காப்பு. அக்ரிலிக் கிளியர், மேட் என்று கேட்டு வாங்க வேண்டும். மரத்துக்கு அடிக்கிற என்.சி. லேக்கர் மஞ்சளாகும், ஆகவே ஆகாது. பிரிண்ட் போட்டு ஒரு நாள் காய்ந்த பிறகு, 25 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, படத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி மெல்லிய பூச்சாக அடியுங்கள். இருபது நிமிடம் விட்டு அடுத்த பூச்சு, குறுக்குவாட்டில். இப்படி மூன்று நான்கு. ஒரே கனமான பூச்சு வழியும். அடித்ததும் கறுப்பு கொஞ்சம் கூடித் தெரியும். அதுதான் முன்பே சொன்ன தார் ரோடு சமாச்சாரம். வீணான பிரிண்ட்டில் அடித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் மேலே போங்கள். காற்றோட்டமான இடம், மூக்குக்கு மாஸ்க், பக்கத்தில் ஊதுபத்தியோ அடுப்போ இருக்கவே கூடாது.

நம்ம ஊரில் ஸ்ப்ரேயைக் கெடுப்பது ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தில் நீர் படிந்து வெண்மேகம் போட்ட மாதிரி ஆகிவிடும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். அளக்க மீட்டர் வேண்டாம், லேபிலிருந்து இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி விசிறியின் எதிரே வையுங்கள். உலர்ந்தது 32 டிகிரி, ஈரமானது 27 என்று காட்டினால் ஈரப்பதம் சுமார் 68 சதவீதம், வேலையைத் தள்ளி வையுங்கள். 34-ம் 27-ம் என்றால் சுமார் 58, ஆரம்பிக்கலாம். காலையில் ஈரம் அதிகம். வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வந்து சேர்வதற்கு முன் கிடைக்கிற நேரம்தான் நமக்கு. குன்றத்தூர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் திருவான்மியூர்க்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம். அடைமழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.

கறுப்பு வெள்ளை ஃபைபர் பிரிண்ட்டுக்கு ஸ்ப்ரேயைவிட மெழுகு மேல். நுண்படிக மெழுகு என்று ஒன்று, மியூசியங்களில் மரத்துக்கும் உலோகத்துக்கும் போடுவது. பஞ்சுத் துணியில் மிகக் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிண்ட்களுக்கு மெழுகு பூசும் வழக்கம் உண்டு. இங்க்ஜெட் மேட்டில் இதைத் தேய்க்காதீர்கள், சிலிக்காப் பூச்சு பளபளத்துத் திட்டுத் திட்டாகும்.

மேட் லேமினேஷன் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். கோல்ட் லேமினேஷனில் மேட் ஃபிலிம் கிடைக்கிறது, தண்ணீர் தெளித்தாலும் துடைத்துவிடலாம். நோட்டீஸ் போர்டுக்கும் கேன்டீன் சுவருக்கும் அதுதான் சரி. ஆனால் தாளின் உணர்வு போய்விடும், ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது. எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

எந்தச் சுவரில் மாட்டுவது? வெளிநாட்டுப் புத்தகங்களில் வடக்கு வெளிச்சம் பத்திரம் என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம்பக் கூடாது! நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். கிழக்கும் மேற்கும் சொல்லவே வேண்டாம். கணக்கு இதோ: மியூசியத்தில் 50 லக்ஸ் வெளிச்சம், நாளுக்கு பத்து மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 1,82,500 லக்ஸ் மணி. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். இரண்டே மணி நேரத்தில் இரண்டு லட்சம்! மியூசியத்தில் ஒரு வருஷம் படுகிற வெளிச்சம், நம்ம ஜன்னலோரத்தில் ஒரே நாள் முற்பகலில் பட்டுவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும் என்பதால், ஃபிரேமில் கண்ணாடி இருந்தால் வெளுக்காது என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

ஈரத்துக்கும் இதே இடக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை அடித்து வாங்குகிற வெளிச்சுவரில் மாட்டாமல், இரண்டு பக்கமும் அறையாக இருக்கிற நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். புதுப் பூச்சு வேலை செய்த சுவர் நன்றாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும். ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷரை இரண்டு மூன்றாக அடுக்கி ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று ஓடும். பல்லி குடித்தனம் வைக்கும், அது உண்மைதான். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. பூஜை அறையிலும் சமையலறைக்குப் பக்கத்திலும் திறந்த படம் வேண்டாம், எண்ணெய்ப் புகை சொரசொரப்பில் ஏறினால் இறங்காது.

தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது. மேட் பரப்பைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துவிடும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. லென்ஸ் துடைக்கிற ரப்பர் புளோயரால் ஊதி, பிறகு ஆட்டு முடியில் செய்த மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு தடவல். விரல் எண்ணெய் பட்ட இடம் நாளானால் கறையாகும், எனவே தூக்கும்போது ஓரத்தைப் பிடியுங்கள்.

எக்ஸிபிஷன் வைக்கும்போது இதுதான் பெரிய தலைவலி. கண்ணாடி இல்லாத படத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது, தொட்டுப் பார்க்கத் தோன்றும். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினால் இன்னும் தொடுவார்கள்! படங்களுக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி வரிசையாக பெஞ்ச் போட்டுவிடலாம். அதோடு, வாசலிலேயே ஒரு மேஜையில் அதே தாளில் போட்ட வீண் பிரிண்ட் ஒன்றைப் பலகையில் ஒட்டி வைத்து, இதைத் தொட்டுப் பாருங்கள் என்று எழுதி வையுங்கள். கையின் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். மாலையில் அந்தப் பிரிண்ட்டை எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு நாள் விரல்கள் மேட் பரப்பை என்ன செய்யும் என்பது அடுத்த பேட்ச்சுக்குக் காட்ட ஒரு நல்ல ஸ்பெசிமனாகவும் இருக்கும்.